பெயர் பதிவாகிவிடும் என்று மூன்று ரூபாய் வட்டியா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரிந்தது. புற்றுநோய் என்றால் ஆஸ்பத்திரி கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்குமாமே? தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியே தெரியக்கூடாது, பெங்களூரில் வேறு பெயரில் சேர்த்துவிடலாம் என்கிறார் பெரிய மாமா. மூன்று ரூபாய் வட்டிக்கு 4 லட்சமும் அவரே பேசிவிட்டார். பெயர் பதிவாகும் முன் அம்மாவுக்குத் தீவிர நோய் பாலிசி (புற்றுநோய் போன்ற பெரிய நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தரும் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது.

பதில்: அந்த 4 லட்சத்தை வாங்காதீர்கள். மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000 வட்டி மட்டுமே. அசல் அப்படியே நிற்கும். தக்காளி விலை விழுந்த மாதத்தில் எங்கே போவீர்கள்? இத்தனையும் மாமாவின் பயத்துக்காக.

தெரிவிக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. உங்களுக்கு அதில் வேலையும் இல்லை, செலவும் இல்லை. எந்த வயதில், எந்த ஊரில், என்ன வகைப் புற்றுநோய், எந்தக் கட்டத்தில் தெரிந்தது என்று கணக்கெடுத்தால்தான் எங்கே பரிசோதனை முகாம் வேண்டும், எங்கே சிகிச்சை வசதி வேண்டும் என்று அரசு திட்டமிட முடியும். தமிழ்நாட்டில் 2012-லிருந்தே இதற்கென்று மாநிலப் பதிவேடு இருக்கிறது. வரன் வீட்டார் அதைப் புரட்டிப் பார்க்க முடியாது. வட்டிக்காரர் மாதாமாதம் வாசலில் நிற்பதைத்தான் ஊர் பார்க்கும்.

வேறு பெயரில் சேர்த்தால் காப்பீட்டு அட்டை செல்லாது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கக்கூடிய திட்டத்தை விட்டுவிட்டு வட்டிக்கு வாங்குவீர்களா? பயாப்சி ரிப்போர்ட்டும் சொந்தப் பெயரில்தானே இருக்கிறது!

அப்புறம் அந்த ஏஜென்ட். நோய் தெரிந்த பிறகு அதை மறைத்து எடுக்கும் பாலிசியில் க்ளெய்ம் வராது, கட்டிய பிரீமியமும் போகும். பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பயாப்சி தேதி ஒன்றே போதும். இந்தத் தீவிர நோய் பாலிசிகளை இப்போது எல்லோரும் விற்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும் உங்களுக்கு வேண்டுமானால் பிறகு யோசிக்கலாம், அம்மாவுக்கு வேண்டாம்.

போக்குவரத்து, சாப்பாடு, திட்டத்தில் வராத மருந்து என்று கைக்காசு கொஞ்சம் தேவைப்படும். ஒரு லட்சம் போதும் என்றால் வங்கியில் நகையை வையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் 10,000 தான் வட்டி.

நாளைக்கே அட்டை, ஆதார், ரிப்போர்ட்டுடன் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், காப்பீட்டுப் பிரிவில் அட்டை நடப்பில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை எந்தெந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று கேளுங்கள். மாமாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.