விசிலுக்கு முன் இரண்டு நிமிடம்

சிறுவர் கால்பந்து: நடுவர்களும் பயிற்சியாளர்களும் கேட்டவை

*எனக்கு 19 வயது. ராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். எனக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்த சாரே ஒரு டீமுக்கு கோச். ஒவ்வொரு ஃபவுலுக்கும் "என்னடா இது?" என்கிறார். வாயடைத்துப் போகிறேன்.*

தம்பி, அவர் உங்களுக்கு என்றைக்கும் சார்தான். அந்த மரியாதையை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். டாஸ் போடும் முன் இரண்டு கோச்சையும் ஒன்றாக நிறுத்திப் பேசுங்கள். அவரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சிரித்துப் பேசினால், எதிர் டீம் 60 நிமிடமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கும். "சார், ஏதாவது கேக்கணும்னா பந்து வெளிய போனதும் கேளுங்க, சொல்றேன்." இவ்வளவு போதும்.

அப்புறமும் விடவில்லையா? பந்து நின்றதும் அவர் பக்கமாக நடந்து போய், தாழ்ந்த குரலில் ஒரு முறை சொல்லுங்கள். அடுத்தது, எல்லோருக்கும் தெரியும்படி எச்சரிக்கை. அதற்கும் மேல் போனால் மஞ்சள் அட்டை. 2019 முதல் கோச்சுக்கும் அட்டை காட்ட விதி இடம் தருகிறது. காட்டும்போது முகத்தில் கோபம் வேண்டாம். காட்டுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், ஆட்டத்தைத் தொடங்குங்கள். முடிந்தால் அவருடைய டீம் ஆடும் ஆட்டத்தை வேறு நடுவருக்கு மாற்றித் தரும்படி அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

*கீழக்கரையில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி தருகிறேன். நடுவர்கள் காது கொடுப்பதே இல்லை, கையை வீசி 'உட்காருங்க' என்கிறார்கள். கோச் வாயே திறக்கக் கூடாதா?*

தாராளமாகத் திறக்கலாம். கையை வீசிய நடுவர்களில் நானும் ஒருவன், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கச்சான் காற்று சுழற்றியடித்த ஒரு மாலை, கடலோர மைதானம். ஒரு கோச் கோட்டோரம் நின்று கத்துகிறார். காற்றில் அவர் வாய் அசைவதுதான் தெரிகிறது. வழக்கமான முறையீடு என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டிவிட்டு ஓடினேன். அவர் காட்டியது எனக்குப் பின்னால். தலையோடு தலை மோதி ஒரு பையன் மணலில் குப்புறக் கிடந்தான். பந்து இன்னொரு கோல் பக்கம் போய்த் திரும்பும் வரை அவன் அப்படியே கிடந்தான். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. ஆனால் அந்த கோச்சின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இரண்டு கோச்சிடமும் ஒரு சைகை பேசிவைக்கிறேன். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் 'பையனுக்கு அடி, பாருங்க' என்று அர்த்தம். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. நம் கரையில் படகுக்குப் படகு துணி வீசிச் சேதி சொல்கிறவர்களின் பிள்ளைகள்தானே இவர்கள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நடுவர் பேசவில்லை என்றால், இந்தப் பேச்சை நீங்களே தொடங்குங்கள்.

தீர்ப்பைப் பற்றிக் கேட்பது வேறு. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், தவறு என்று தெரிந்தாலும் நடுவர் அதை மாற்ற முடியாது. அதனால் கேட்பதாக இருந்தால் உடனே, ஒரே வரியில் கேளுங்கள்: "ரெஃப்ரி, கையில பட்டுச்சா, தோள்லயா?" இப்படிக் கேட்டால் பதில் வரும். "கண்ணு தெரியலையா?" என்றால் அட்டைதான் வரும். இடைவேளையில் விளக்கம் கேட்பதாக இருந்தால் துணை நடுவரும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். பின்னால் பேச்சு மாறாது.

*பெஞ்சில் இருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். யார் என்று தெரியவில்லை. யாருக்கு அட்டை?*

அங்கே இருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கு. விதி அப்படித்தான். ஆட்டத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் பெஞ்சை அவரே பார்த்துக்கொள்வார்.

*எங்கள் மைதானத்தில் கோச் நிற்கும் கட்டமே கிடையாது. அவர் கார்னர் கொடி வரை ஓடுகிறார்.*

பெரிய மைதானங்களில் இருக்கைக்கு இருபுறமும் 1 மீட்டர், முன்னால் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்பு வரை என்று கட்டம் போடுவார்கள். நம் மணலில் சுண்ணாம்புக் கோடு கால் மணி நேரம் தாங்காது. ஒரு ஊரில் பையன்களே வலையில் கட்டும் பழைய மிதவைகள் நாலு கொண்டுவந்து நாலு மூலையிலும் வைத்தார்கள். அருமையான ஏற்பாடு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நின்று யோசனை சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வாக்குவாதத்துக்காக மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்தால் சிவப்புதான்.

*மே மாத வெயிலில் தண்ணீர் இடைவேளை கேட்டேன். நடுவர் 'விதியில் இல்லை' என்றார்.*

இருக்கிறது. போட்டி விதிகள் அனுமதித்தால் தண்ணீர் குடிக்க 1 நிமிடம் வரை, உடல் குளிர 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை நிறுத்தலாம். அந்த நேரம் கடைசியில் சேரும். பாதி ஆட்டத்தில் போய்க் கேட்டால் பதற்றத்தில் மறுப்பார்கள். தொடங்கும் முன்பே எத்தனையாவது நிமிடம் என்று நடுவரும் இரண்டு கோச்சும் பேசி முடிவு செய்யுங்கள்.

*கோச் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் தன் டீம் பையனை, பத்து வயசுதான் இருக்கும், எல்லார் முன்னாலும் அசிங்கமாகத் திட்டுகிறார். அது என் வேலையா?*

உங்கள் வேலைதான், கண்டிப்பாக. இழிவான பேச்சுக்கு வெளியேற்றம் என்று சொல்லும் விதி, யாரைப் பார்த்துப் பேசினால் என்று பிரிக்கவில்லை. சொந்த டீம் பையன் என்பதால் அது கோச்சின் வீட்டு விஷயம் ஆகிவிடாது. 'ஓடுடா, தூங்கிறியா' என்பதற்கெல்லாம் போகாதீர்கள், அது மைதானப் பேச்சு. ஆனால் பையன் பந்தை விட்டுவிட்டு கோச்சையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், காலுக்கு வந்த பந்தைப் பயந்து உடனே தள்ளிவிடுகிறான் என்றால், அடுத்த த்ரோ-இன்னில் ஆட்டத்தை நிறுத்துங்கள். கோச்சின் பக்கத்தில் போய் அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணே, பையன் பயந்துட்டான். கொஞ்சம் விடுங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடுவார்கள். அடங்காவிட்டால் அட்டை, ஆட்டம் முடிந்ததும் அறிக்கையில் அவர் சொன்ன வார்த்தை மாறாமல். திரும்பி ஓடும்போது அந்தப் பையன் பக்கமாகப் போய், "தம்பி, நல்லா ஆடுறே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.