அனுபவத்துக்கு கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: 12 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இப்போது பட்டம் படிக்க ஆசை. தெரிந்ததையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, ஆனால் 12 வருடம் என்ற எண்ணிக்கைக்கு யாரும் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) தர மாட்டார்கள், அந்த வருடங்களில் நீங்கள் கற்றுக்கொண்டதற்குத்தான் தருவார்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். "வங்கிக் கணக்கைச் சரிபார்த்தேன்" என்று கல்லூரிக்குக் கொடுக்கும் அனுபவத் தொகுப்பில் எழுதினால் போதாது. பேரேட்டுக்கும் வங்கி அறிக்கைக்கும் இடையே தொகை ஒத்துப்போகாதபோது எங்கே தேடினீர்கள், இன்னும் பணமாகாத காசோலையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஏன் அப்படிப் பதிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள், கூடவே மேலாளரின் கடிதத்தையும் நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை மறைத்த மாதிரித் தாளையும் வையுங்கள். பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினால் நல்லது.

தேர்வு எழுதியும் வாங்கலாம். அமெரிக்காவில், கல்லூரிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்று காட்டுவதற்கான கிளெப் (CLEP) தேர்வு இருக்கிறது, 20 முதல் 80 வரை மதிப்பெண், பொதுவாக 50 எடுத்தால் கிரெடிட் பரிந்துரை உண்டு, ஆனால் ஏற்பது கல்லூரியின் முடிவு.

சரி, பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: இந்த கிரெடிட் கட்டாயப் பாடத்துக்கு ஈடாகுமா, விருப்பப் பாடத்துக்கு மட்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், பின்னால் கல்லூரி மாறினால் இது கூடவே வரும் என்று நம்பிவிடாதீர்கள்.