திக்குவாயோடு ஜெபக்கூட்டம் நடத்தலாமா?

தம்பி, ஸ்தோத்திரம். திருமங்கலத்தில் வாலிபர் ஜெபக்கூட்டத்தை நடத்தச் சொல்கிறார் சபைப் போதகரான ஐயர், திக்குவாய் என்பதால் மறுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மறுக்காதீர்கள். வேதாகமத்தில் யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். மோசேயும் இதையேதான் சொன்னார். அவர் நாவு சரியாகிவிட்டதாக அங்கே எழுதியில்லை. அவர் வாயோடு தாம் இருப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார்; அப்போதும் அவர் தயங்கவே, கோபப்பட்டும் கைவிடாமல் அவர் சகோதரன் ஆரோனைத் துணைக்குத் தந்தார். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

நீங்களும் ஒரு நண்பரைத் துணைக்குக் கேளுங்கள். வேத வாசிப்பு அவருக்கு, ஜெபம் உங்களுக்கு. பாடும்போது பலருக்குத் திக்காது, அதனால் கீர்த்தனையோடு தொடங்குங்கள். அப்புறம், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றி விசாரியுங்கள்; அது விசுவாசக் குறைவு ஆகாது. முதல் கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.