பதக்கம் வென்றவர் மேடை ஏறும் வரை என்ன செய்தார்? கேர்லிங் விளையாடும் மகளின் தந்தைக்கு ஒரு பதில்

ஸ்காபுறோவில் வசிக்கும் தந்தை ஒருவர், தரம் 12இல் படிக்கும் தம் மகளின் எதிர்காலம் குறித்து எழுதிக் கேட்டிருந்தார். மகள் பாடசாலை அணியிலும் உள்ளூர்க் கழகத்திலும் கேர்லிங் விளையாடுகிறாள். அணிக்கு நால்வராக, பனித்தளத்தில் கனமான கற்களைச் சறுக்கி விட்டு இலக்கு வட்டத்துக்குள் நிறுத்தும் விளையாட்டு அது. முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஒருவர் பாடசாலைக்கு வந்து உரையாற்றிச் சென்ற நாளிலிருந்து, தானும் தேசிய அளவில் விளையாடி வென்று, பின்னர் தன்னம்பிக்கைப் பேச்சாளராகப் போவதாகவும், அதற்குக் கணக்கியல் பட்டம் எதற்கு என்றும் வீட்டில் வாதிடுகிறாள். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் வேறு விளையாட்டுகளின் பெயரால் எழுவதால், அவருடைய இசைவுடன், அடையாளங்களை நீக்கி, என் பதிலை இங்கே தருகிறேன்.

அன்புடையீர்,

உங்கள் மகள் மேடையில் பார்த்தது ஒரு நீண்ட தொழில் வாழ்க்கையின் கடைசி அத்தியாயத்தை மட்டுமே. அந்த அத்தியாயத்துக்கு முன்னால் இருக்கும் பக்கங்களை அவளும் நீங்களும் சேர்ந்து படித்துவிட்டால், "கேர்லிங்கா, கணக்கியலா" என்று நடந்துகொண்டிருக்கும் சண்டைக்கே இடமில்லை என்பது தெரியவரும். கனடாவில் கேர்லிங் ஆடி உலக அளவில் வென்று, பின்பு பேச்சாளர்களாகப் பெயர் பெற்றவர்களில் நான் அறிந்த எவரும் விளையாட்டை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை இருந்தது, பலருக்கு அந்த வேலையே பின்னாளில் மேடைக்கு வழிவிட்டது.

ரஸ் ஹவார்ட்டின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் மிட்லண்ட் நகரில் 1956இல் பிறந்தவர். 1987இலும் 1993இலும், தம் தம்பி கிளென்னும் இருந்த அணிக்குத் தலைவராக, கனடாவின் தேசிய ஆடவர் பட்டத்தையும் அதைத் தொடர்ந்து உலகப் பட்டத்தையும் வென்றார். உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் என்று பேசப்பட்ட அந்த ஆண்டுகளிலும், பின்னர் நியூ பிரன்ஸ்விக்கின் மொங்ரன் நகரில் குடியேறிய பின்னும், அவருக்குச் சோறு போட்டது கேர்லிங் அன்று. கோல்ஃப் மைதான நிர்வாகமும், அதன்பின் வீடு விற்பனை முகவர் தொழிலும்தான். ஹொக்கி வீரர்களின் ஊதியக் கதைகளைச் செய்திகளில் படித்துப் பழகிய நம்மவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். கேர்லிங் குளிர்காலத்து விளையாட்டு. பரிசுத் தொகையை நால்வர் பகிர வேண்டும். அதிலிருந்தே விமானச் செலவும் விடுதிச் செலவும் போகும். இன்று நிலைமை முன்பைவிடச் சற்றுப் பரவாயில்லை என்றாலும், பெரும்பாலான அணிகளில் வேலையும் விளையாட்டும் இன்னும் சேர்ந்தே நடக்கின்றன.

ஹவார்ட்டைப் பற்றி இரண்டு செய்திகளைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இவருக்குப் பேச அழைப்பு வருவது ஏன் என்பதை அவை விளக்கும்.

முதலாவது, அவர் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் ஒரு விதி. அக்காலத்தில் முன்னிலை பெற்ற அணி எதிரணி வைக்கும் ஒவ்வொரு கல்லையும் அடித்து வெளியேற்றிக்கொண்டே இருந்தால் போதும், ஆட்டம் உப்புச் சப்பில்லாமல் முடிந்துவிடும். ஹவார்ட்டும் தம்பியும் பயிற்சிக்காகத் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டார்கள்: முதல் நான்கு கற்களை எவரும் அடித்து வெளியேற்றக் கூடாது. 1990இல் மொங்ரனில் பெரிய பரிசுத் தொகையுடன் நடந்த போட்டி ஒன்றில் அந்தக் கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்னர் அது சிறு மாற்றங்களுடன் உலக விதியாயிற்று. வட்டத்துக்கு முன்னால் நிற்கும் காவல் கற்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் இந்த விதியின் கீழ்தான் உங்கள் மகள் ஒவ்வொரு வாரமும் விளையாடுகிறாள். அவளிடம் கேட்டுப் பாருங்கள், அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரியுமா என.

இரண்டாவது, 2006 குளிர்கால ஒலிம்பிக். நியூபவுண்ட்லாந்தைச் சேர்ந்த பிராட் குஷூ என்ற 25 வயது இளைஞர் தலைமையிலான அணி, ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு முன்பு ஹவார்ட்டைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டது. இருமுறை உலகப் பட்டத்தை வென்ற தலைவர், தம்மில் பாதி வயதுள்ள ஒருவரின் அணியில் இரண்டாவது ஆட்டக்காரராகக் கல் விட ஒப்புக்கொண்டார். ஆனால் மறுமுனையில் குறி காட்டும் துடைப்பத்தைப் பிடித்து நின்று எந்தக் கல்லை எங்கே விட வேண்டும் என்று ஆட்டத்தை வழிநடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. கடைசிக் கற்களை விடும் பொறுப்பு குஷூவிடமே இருந்தது. பொதுவாக இவ்விரண்டையும் ஒருவரே செய்வார். இத்தாலியின் துரினில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, பெப்ரவரி 19ஆம் திகதி, ஹவார்ட்டுக்கு 50 வயது நிறைந்தது. ஐந்து நாள் கழித்து இறுதிப் போட்டியில் பின்லாந்தை 10க்கு 4 என்ற கணக்கில் வென்றார்கள். ஆறாவது சுற்றில் மட்டும் ஆறு புள்ளிகள். அந்தப் பிற்பகலில் மாணவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக நியூபவுண்ட்லாந்தில் பாடசாலைகளை நேரத்தோடு மூடினார்கள். கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களில் மிக மூத்தவர் என்ற பெயர் ஹவார்ட்டுக்குக் கிடைத்தது.

ஒரு நிறுவனம் தன் ஆண்டுக் கூட்டத்துக்கு ஹவார்ட் போன்ற ஒருவரைப் பணம் கொடுத்து அழைப்பது பதக்கத்தைப் பார்ப்பதற்காக மட்டும் அன்று. புதிய மேலாளர் இளைஞராகவும் அவருக்குக் கீழ் வேலை செய்பவர் முப்பது ஆண்டு அனுபவசாலியாகவும் இருக்கும் அலுவலகங்கள் ஏராளம்; அங்கு நாள்தோறும் எழும் மனத்தாங்கலுக்கு, ஹவார்ட் தம் வாழ்க்கையில் செய்து காட்டிய ஒரு விடை இருக்கிறது. வீடு விற்றுப் பழகியவர் என்பதால் விற்பனைப் பிரிவினரின் கவலையும் அவருக்குப் புரியும். கேட்போரின் தொழிலை அறியாத பேச்சாளரை ஒருமுறை அழைப்பார்கள், மறுமுறை அழைக்கமாட்டார்கள். 17 வயதுப் பிள்ளையிடம், மேடையில் சொல்வதற்கு இன்னும் அத்தகைய அனுபவம் சேரவில்லை என்பது குறை அன்று. அது சேர வேண்டிய இடம் வேலைத்தலமும் விளையாட்டுக் களமும் என்பதை மட்டும் அவள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பெண் வீராங்கனைகளின் உதாரணத்தை அவள் கேட்பாள். ஹலிபக்ஸின் கொலீன் ஜோன்ஸ் 1982இல், 22 வயதில், அணித்தலைவியாகத் தேசியப் பட்டத்தை வென்றார். அடுத்த பட்டம் கிடைத்தது 1999இல். இடையில் கழிந்த 17 ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. 1986 முதல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் தொலைக்காட்சியில் வானிலையும் விளையாட்டுச் செய்தியும் வாசித்தார், குடும்பத்தையும் நடத்தினார், குளிர்காலம்தோறும் விளையாடவும் செய்தார். அதன்பின் 2001 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு தேசியப் பட்டங்கள், இரண்டு உலகப் பட்டங்கள். 1983இலேயே "இனி இதுதான் என் தொழில்" என்று எல்லாவற்றையும் விட்டிருந்தால் அந்த இடைக்காலத்தை அவர் எப்படித் தாண்டியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கல்கரியின் ஷெரில் பெர்னார்ட் காப்புறுதி முகவர் நிறுவனம் ஒன்றை நடத்தி, அதை விற்றுவிட்டு, 43 வயதில் 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் கனடிய அணிக்குத் தலைமை தாங்கினார். இறுதிப் போட்டியில் கடைசிக் கல் தம் கையில் இருந்தும், கூடுதல் சுற்றில் சுவீடனிடம் 7க்கு 6 என்று தோற்றார். அவரும் பேச்சாளரானார், பின்னர் கனடாவின் விளையாட்டுப் புகழ்க்கூடத்துக்குத் தலைமை நிர்வாகியாகவும் ஆனார். வெள்ளிப் பதக்கத்தை வைத்துக்கொண்டு மேடை ஏறியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டமும் தோற்காமல் தங்கம் வென்ற ஜெனிபர் ஜோன்ஸ் சட்டம் படித்த வழக்கறிஞர் என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கவலைக்கு வருகிறேன்: எந்தப் படிப்பு?

கணக்கியல்தான் வேண்டும் என்று நீங்கள் நிற்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது. வெறும் கையோடு இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு வேலை பார்த்து வீடு வாங்கிய தலைமுறைக்கு, உரிமம் உள்ள தொழில் என்பது பாதுகாப்பு. எனினும் கணக்கில் ஈடுபாடு இல்லாத பிள்ளையைக் கணக்கியலில் சேர்த்தால், முதல் ஆண்டு முடிவதற்குள் படிப்பும் போகும், விளையாட்டும் போகும். அவளுடைய மதிப்பெண்களை நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். ஆங்கிலத்திலும் உயிரியலிலும் தொண்ணூறுக்கு மேல், கணக்கில் எழுபதைச் சுற்றி. இந்த மதிப்பெண்களோடு பொருந்தும் படிப்புகள் மூன்றைக் கருதலாம் என்பது என் எண்ணம். வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் பட்டத்தை வேலை அனுபவப் பருவங்களுடன் சேர்த்துப் படிக்கும் வழி உண்டு. பின்னர் இயன்மருத்துவம் போன்ற துறைகளுக்கும் போகலாம். சென் கதரின்ஸில் உள்ள புரொக் பல்கலைக்கழகம் விளையாட்டு முகாமைத்துவத்துக்குப் பெயர் பெற்றது. பேச்சும் ஊடகமும்தான் அவளை இழுக்கின்றன என்றால், ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு ஊடகப் பட்டம் கொலீன் ஜோன்ஸ் சென்ற பாதைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை, ஊடகத்துறையில் நிரந்தர வேலைகள் சுருங்கி வருகின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னைக் கேட்டால் வோட்டர்லூவை முதலில் வைப்பேன். வேலை அனுபவப் பருவங்களில் வரும் ஊதியம் உங்கள் சுமையைக் குறைக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். ஒரு நிறுவனத்தின் உள்ளே மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை அவள் இருபது வயதிலேயே பார்த்துவிடுவாள் என்பது மற்றொன்று.

அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கூடைப்பந்துக்கும் ஹொக்கிக்கும் அது உண்மை. கேர்லிங் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏயின் கீழ் வருவதே இல்லை. அந்த நம்பிக்கையில் பணம் கேட்கும் எந்த முகவரிடமும் போகாதீர்கள். இங்கே கனடிய பல்கலைக்கழகங்களுக்கிடையே கேர்லிங் போட்டிகள் உண்டு, எனவே பட்டப் படிப்புக்காக விளையாட்டை விட வேண்டியதில்லை. பிற்காலத்தில் தேசிய அணி மட்டத்தை எட்டினால் மத்திய அரசின் விளையாட்டு வீரர் உதவித் திட்டம் மாதந்தோறும் ஒரு தொகையும் படிப்புக் கட்டணத்துக்கான உதவியும் தருகிறது. அது மிகச் சிலருக்கே கிடைப்பது. அதை வரவாக எண்ணிக் குடும்பக் கணக்கைப் போடாதீர்கள்.

பேச்சுத் திறனைப் பொறுத்தவரை, அதற்குப் பட்டமும் தேவையில்லை, பதக்கத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ரொறன்ரோப் பகுதியில் மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள் பல இருக்கின்றன. 18 வயது நிறைந்ததும் சேரலாம், அதற்குக் குறைந்த வயதினருக்கு அதே அமைப்பின் கீழ் தனிக் குழுக்கள் உண்டு. வாரந்தோறும் ஐந்து நிமிடம் பேசி, பேச்சை இன்னொருவர் குறைநிறையோடு மதிப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பது எளிதன்று. அதில் ஓராண்டு நிலைத்துவிட்டாளானால் இந்த ஆசை ஒரு நாள் உரையைக் கேட்டதால் வந்த வேகம் அன்று என்று நீங்களும் ஒப்புக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு 40 மணிநேரச் சமூக சேவை கட்டாயம் அல்லவா? அதில் மீதம் உள்ளதைத் தன் கேர்லிங் கழகத்திலேயே சிறுவர்களுக்குக் கற்பிக்கச் செலவிடட்டும். ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள கருங்கல்லைத் தூக்காமல் பனிமேல் சறுக்கி விடும் விதத்தை எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவர், நாளை ஒரு மண்டபத்துக்கும் புரியும்படி சொல்வார். பயிற்றுநர் சான்றிதழின் தொடக்க நிலையையும் அப்படியே முடித்துவிடலாம். கோடைக்கால முகாம்களில் வேலை தேடும்போது அது உதவும்.

பேச்சாளர் தொழிலின் நடைமுறையும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். பெயர் பெற்றவர்களுக்கு முகவர் நிறுவனங்கள் மூலம் அழைப்பு வருகிறது, ஊதியத்தில் ஒரு பங்கு முகவருக்குப் போகிறது. மாநாடுகள் பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடப்பதால் வருமானம் சீராக வராது. ஒரு நல்ல பருவமும் ஒரு வெறுமையான பருவமும் மாறி மாறி வரும். புதிய ஒலிம்பிக் ஒவ்வொன்றும் புதிய பதக்கக்காரர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பழையவர்களுள் நிலைத்திருப்போர் வேறொரு தொழிலையும் கையில் வைத்திருப்பவர்களே. ஹவார்ட் தொலைக்காட்சியில் ஆட்ட வர்ணனையும் செய்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

தரம் 12 முடியும் வரை கேர்லிங்கை நிறுத்தட்டுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கான முக்கிய நாள் ஜனவரி நடுப்பகுதியில் வருகிறது. இளையோர் போட்டிகளும் அந்தக் குளிர்காலத்திலேயே நெருங்கி வருகின்றன. எனவே விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரைகளை நவம்பர் முடிவதற்குள் எழுதி முடிப்பது, பரீட்சை வாரங்களில் வெளியூர்ப் போட்டிக்குப் போகாமல் இருப்பது என்ற இரண்டை மட்டும் அவளோடு பேசி உடன்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். அணியில் மற்ற மூவருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இதை இப்போதே அறிவித்துவிடுவது நல்லது. நால்வர் விளையாட்டில் ஒருவர் திடீரென்று வரவில்லை என்றால் மற்ற மூவரின் பருவமும் கெடும். அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்து வாருங்கள். நான் குறிப்பிட்ட மூன்று படிப்புகளின் முதலாண்டுப் பாடப் பட்டியலையும் அவளே எடுத்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.