ஏற்காட்டின் பழைய வெள்ளைக்காரர் பங்களாவை அரசு அலுவலகமாகப் புதுப்பிக்கும்போது சிமென்ட் பூசக் கூடாது என்கிறார்களே, ஏன்?

அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்த கலவைதான் காரை. நம் கொத்தனார்கள் அதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள்.

காரையில் நுண்துளைகள் நிறைய. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அவற்றின் வழியாகக் காற்றில் போய்விடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் ஏற்காட்டில் இது ரொம்ப முக்கியம். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதோடு வரும் உப்பு செங்கலுக்குள் படிகமாகி, செங்கலையே பொடியாக்கும். அப்படிப்பட்ட சுவரை விரலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும். பூச்சு பாளமாகப் பெயரும். பின்னால் செங்கல் செம்மண்ணாகக் கொட்டும். பார்க்கவே வயிறு எரியும்.

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெளிப்புறம் கசிந்து ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. அதற்கு வெளியே பெயின்ட் அடித்தால் கசிவு நின்றுவிடும். சுவருக்கும் அதே கதைதான்.

அலுவலகம் என்றால் வயரும் கோப்புகளும் வரும். வயருக்காகச் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில் கொண்டுபோகலாம். கோப்பு அறையைத் தயவுசெய்து தரைத்தளத்திலேயே வையுங்கள்; மாடியின் மரத்தளம் குடியிருக்கப் போட்டது, காகித மூட்டைகளைச் சுமக்க அல்ல.

சுண்ணாம்பு பலமில்லாதது என்று பலர் நினைப்பது தவறு: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி அது மெதுவாக மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது, அதற்கு நாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.