டயட்டில் இருக்கும்போது இடையில் பிடித்ததைச் சாப்பிட்டால் அது ஏமாற்றுவதாகுமா? எவ்வளவு வரை பரவாயில்லை?

எதற்காக டயட் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். எடை குறைப்பவருக்கு ஒரு வேளை பீட்சா என்றால் கணக்கில் சில நூறு கலோரி கூடும், அவ்வளவுதான். கோதுமை குடலுக்கு ஆகாத சீலியாக் நோய்க்காக அதை விட்டவருக்கு ஒரு துண்டு ரொட்டியே குடலைப் புண்ணாக்கிவிடும். முதலில் எடைக் குறைப்பைப் பார்ப்போம், கேட்பவர்களில் பெரும்பாலோர் அதற்காகத்தான் கேட்கிறார்கள். நோய்க்கான பத்தியத்துக்குப் பிறகு வருகிறேன்.

எடைக் குறைப்பில், கணக்குக்கு வராமல் வாய்க்குள் போவதைத்தான் ஏமாற்று என்பேன். வாரத் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கி, அளவு தெரிந்து சாப்பிடும் ஐஸ்கிரீம் திட்டத்துக்குள்தான் இருக்கிறது. அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டுக்கொண்ட நாலு பாதாம், குழந்தை மிச்சம் வைத்த பிஸ்கட், ருசி பார்க்க எடுத்த இரண்டு கரண்டி, இவைதான் திட்டத்துக்கு வெளியே இருப்பவை. பலரும் ஐஸ்கிரீமுக்காகக் குற்ற உணர்ச்சிப்படுகிறார்கள், பாதாமை மறந்துவிடுகிறார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். எடை ஏறாமல் இறங்காமல் இருக்க ஒருவருக்கு நாளைக்கு 2200 கலோரி தேவை, அவர் 1700 சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 500 குறைவு, வாரத்துக்கு 3500. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்பதால், வாரம் 450 கிராம் அளவில் கொழுப்பு குறைய வேண்டும். ஞாயிறன்று 600 கலோரி உணவுக்குப் பதில் 1400 கலோரிக்கு ஒரு விருந்து சாப்பிட்டால் வாரத்தின் குறைவு 2700 ஆகிறது. 450 கிராமுக்குப் பதில் 350 கிராம். வேகம் கொஞ்சம் மட்டுப்படும், திசை மாறாது.

அதே ஆள் அந்த ஒரு வேளையை ஒரு முழு நாளாக நீட்டி 5000 கலோரி சாப்பிட்டால் கதை வேறு. அன்று மட்டும் 2800 கூடுதல். ஆறு நாளில் சேர்த்த 3000-இல் மிஞ்சுவது 200. வாரம் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்தும் பலன் 26 கிராம். 5000 என்பது எட்டாத எண் இல்லை. ஒரு பெரிய பீட்சாவே 2000 கலோரியைத் தொடும். அதோடு குளிர்பானம், கேக், மாலையில் சிப்ஸ், இரவில் மது என்று போனால் தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேரும். ஆகவே என் முதல் யோசனை இதுதான்: விட்டுக்கொடுப்பதை வேளைக் கணக்கில் வையுங்கள், நாள் கணக்கில் வைக்காதீர்கள்.

உயரமும் எடையும் குறைந்தவர்களுக்கு இந்த இடம் இன்னும் குறுகல். 1600 கலோரி தேவைப்படும் ஒருவர் 1300 சாப்பிட்டால் வாரக் குறைவே 2100தான். மேலே சொன்ன அதே ஒரு வேளை விருந்து அதை 1300 ஆக்கிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து டயட் இருந்து, ஒரே தட்டில் ஒரே அளவு சாப்பிட்டு, ஒருவருக்கு மட்டும் எடை குறையாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவருக்கு மன உறுதி இல்லை என்று நினைப்பது அநியாயம்.

இப்போது கணக்கில் வராதவை. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதேதான், ஆலிவ் எண்ணெய்க்குச் சலுகை கிடையாது. புட்டியிலிருந்து நேராக வாணலியில் ஊற்றினால் ஒன்று என்று நினைத்தது இரண்டாக இருக்கும். 20 கிராம் பாதாம் 115 கலோரி. முழுக் கொழுப்புப் பால் 100 மில்லியும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட காபி ஒரு கோப்பை 90 கலோரி, இரண்டு குடித்தால் 180. இரண்டு கிரீம் பிஸ்கட் 100. கூட்டிப் பாருங்கள்: 500-ஐத் தாண்டிவிட்டது. மேலே சொன்னவரின் ஒரு நாள் குறைவு முழுதும் போய்விட்டது, அதுவும் எதையும் ‘சாப்பிடாமலேயே’. இது தினமும் நடக்கும். வாரம் ஒருமுறை சாப்பிடும் பீட்சாவைவிட இதன் சேதம் பெரிது.

இதில் பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவினரை அளந்து பார்த்தார்கள். அவர்கள் உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகம் இயல்பாகவே இருந்தது. தாங்கள் சாப்பிட்டதாகக் குறித்த அளவு மட்டும், உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. செய்த உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நினைவிலிருந்து எழுதும் கணக்கு யாருக்கும் இப்படித்தான் வழுக்கும். எடை குறையவில்லை என்றால் டயட்டை மாற்றும் முன் ஒரு வாரம் மட்டும் சமையல் தராசு வைத்து, எண்ணெய், கொட்டைகள், பால், சர்க்கரை, சாஸ் இந்த ஐந்தையும் போடும் முன் எடை பார்த்து, சாப்பிடும் முன்பே எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு எழுதுவதில்தான் விடுபடும். ஒரு வாரம் போதும், அதற்குள் கண் பழகிவிடும்.

அடுத்தது மறுநாள் காலை. இங்கேதான் பலர் டயட்டையே கைவிடுகிறார்கள். விருந்துக்கு மறுநாள் எடை பார்த்தால் 1.5, சில சமயம் 2 கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பாக இருக்க வழியே இல்லை. 2800 கலோரி கூடுதல் முழுதும் கொழுப்பானாலும் 360 கிராம்தான். மீதி பெரும்பாலும் நீர். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. 300 கிராம் சேர்ந்தால் நீரோடு 1.2 கிலோ. கடை உணவில் உப்பும் அதிகம். உடல் திரவத்தில் உப்பு 0.9 சதவீத அளவில்தான் இருக்க வேண்டும் என்பதால், கூடுதலாக வந்த 4, 5 கிராம் உப்புக்கு அரை லிட்டர் நீர் தங்கிவிடும், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை. குடலில் இன்னும் இருக்கும் உணவின் எடை வேறு. பழைய உணவுக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாளில் இது வடிந்துவிடும். ஆகவே விருந்துக்கு மறுநாள் தராசில் ஏறாதீர்கள். நான்காம் நாள் காலை, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் குடிக்கும் முன் பாருங்கள்.

இந்தப் பயத்தில் பட்டினி கிடப்பது அடுத்த தவறு. முந்தைய நாள் அதிகமானதற்கு ஈடுகட்ட ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், மாலைக்குள் பசி உச்சத்துக்குப் போய், இரவில் கை நிற்காது. விருந்து, பட்டினி, மீண்டும் விருந்து என்று ஒரு சுழல் தொடங்கிவிடும். ஓடி எரித்துவிடலாம் என்பதும் கணக்குக்கு ஒத்து வராது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 50 கலோரி அளவில்தான். 800 கலோரிக்கு 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடப்பது நல்லது, தண்டனையாக நடக்க வேண்டாம். அடுத்த வேளை உணவை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால் அடுத்த நாலைந்து நாளுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

‘இன்றைக்குத்தான் கெட்டுப்போச்சே, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்’ என்ற எண்ணத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவியருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைக்காதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீம் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டோடு இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்தால் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எல்லை ஒருமுறை தாண்டப்பட்டதும் எல்லையே இல்லை என்றாகிவிட்டது. அந்த மில்க் ஷேக்கால் வந்த கேட்டைவிட அதற்குப் பின் வந்த கேடு பெரிது. இதற்கு ஒரே மருந்து, எல்லையைக் கொஞ்சம் அகலமாகப் போடுவது. வாரத்தில் 21 வேளை என்றால் 2 வேளையை முதலிலேயே விட்டு வையுங்கள். அது பத்தில் ஒரு பங்கு. ‘சர்க்கரையே தொடமாட்டேன்’ என்று தொடங்குபவர்களுக்கு முதல் கேக் துண்டே முழுத் தோல்வியாகத் தெரியும்.

அந்த இரண்டு வேளையை எப்படிச் சாப்பிடுவது என்பதற்கும் முறை உண்டு. பசியோடு போகாதீர்கள். அன்று காலையும் மதியமும் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று புரதம் உள்ள உணவை வழக்கம்போல் சாப்பிட்டிருங்கள். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், கூட வரும் குளிர்பானமும் பொரித்த உருளைக்கிழங்கும் பெரும்பாலும் பழக்கத்தில் வருபவை. வீட்டுக்கு வாங்கினால் ஒருவர் சாப்பிடும் அளவு மட்டும் வாங்குங்கள், குடும்ப டப்பா ஃபிரீசரில் இருந்தால் அடுத்த மூன்று நாளும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தட்டில் எடுத்து வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். நிறைவு உணர்வு வர 20 நிமிடம் வரை ஆகும், இரண்டாம் முறை எடுக்கும் முன் அந்த நேரத்தைக் கொடுங்கள். மதுவைச் சேர்க்காதீர்கள். கிராமுக்கு 7 கலோரி என்பது ஒரு பக்கம், அளவு பார்க்கும் புத்தியை முதலில் மழுங்கடிப்பது அதுதான்.

வாரம் ஒருநாள் அளவில்லாமல் சாப்பிட்டால் மெட்டபாலிசம், அதாவது உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகம், ‘கிளம்பும்’ என்று சொல்வார்கள். அதிக மாவுச்சத்து சாப்பிட்டால் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சிறிது நேரம் உயரும், உடலின் வெப்பச் செலவும் கொஞ்சம் கூடும். ஆனால் நீங்கள் கூடுதலாகச் சாப்பிட்டதில் ஒரு சிறு பகுதியைத்தான் அந்தச் செலவு ஈடுகட்டும். கடும் பயிற்சி செய்பவர்கள் செய்யும் ‘ரீஃபீட்’ வேறு விஷயம்: கொழுப்பைக் குறைத்து, மாவுச்சத்தைக் கூட்டி, மொத்தக் கலோரியை எடை நிலையாக இருக்கும் அளவுக்கு மட்டும் ஒன்றிரண்டு நாள் உயர்த்துவார்கள். அதில் கிராம் கணக்கு உண்டு.

இனி நோய்க்கான பத்தியம். இங்கே மேலே சொன்ன சலுகைகள் பலவும் செல்லாது.

சீலியாக் நோயில் நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) வரை பெரும்பாலோர் தாங்குவார்கள் என்று கருதப்படுகிறது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 200 மடங்கு. வயிறு வலிக்கவில்லை என்பதால் சேதம் இல்லை என்று எண்ண முடியாது, அறிகுறியே இல்லாமலும் குடலின் உட்சுவர் சிதையும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். உணவு ஒவ்வாமையிலும் அப்படியே, ‘கொஞ்சம்தானே’ என்பதற்கு இடமில்லை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு உணவிலுள்ள பொட்டாசியம் அளவு மீறினால் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் உப்பான ஒரு விருந்துக்குப் பின் தராசைத் தவிர்க்கவே கூடாது, தினமும் பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலிப்புக்காக மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவில் இருக்கும் குழந்தைக்கு ஒரு மிட்டாய்கூட வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம், எடைக்காகக் கீட்டோ இருப்பவரின் கணக்கை அங்கே போடாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் சிக்கல், திடீரென்று நிறுத்துவதும் சிக்கல்.

சர்க்கரை நோயில் ஒரு வேளை கேக்கைவிட, அதை ஈடுகட்டுகிறேன் என்று அடுத்த வேளையை விடுவது ஆபத்து. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரும். பீட்சா போன்ற கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குவதால் சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் ஏறும், இரண்டு மணி நேரத்தில் பார்த்த அளவை நம்பி நிம்மதியடையாதீர்கள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காக இருப்பதிலும் பயனில்லை. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும். மருத்துவரிடம் மறைப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது: உணவு சரியாக இருந்தும் சர்க்கரை குறையவில்லை என்று நம்பி அவர் மருந்தைக் கூட்டுவார், பிறகு நீங்கள் உண்மையாகவே பத்தியம் இருக்கும் நாளில் அந்த மருந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும்.

கடைசியாக, அளவு தாண்டுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடக்கிறது, சாப்பிடும்போது நிறுத்த முடியவில்லை, பசியில்லாமலும் சாப்பிடுகிறீர்கள், பிறர் கண்ணில் படாமல் சாப்பிடுகிறீர்கள், பிறகு உங்கள்மேலேயே அருவருப்பு வருகிறது என்றால் அதை டயட் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறு என்று அதற்குத் தனியே மருத்துவ வரையறை உண்டு, 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. பேச்சு சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. இன்னும் கடுமையான டயட்டைத் தொடங்கினால் அது மோசமாகும், ஆகவே எடைக் குறைப்பை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.