தலை வலிக்காமலும் ஒற்றைத் தலைவலி வருமா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு ஆண்டுகளாக மாதம் ஓரிரு முறை தலைசுற்றல் வந்து அரை நாள் வரை நீடிக்கிறது. அப்போது வெளிச்சத்தையும் மிக்சி ஓசையையும் தாங்க முடிவதில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒரு மருத்துவர் பட்டை அணியச் சொன்னார். காதுக் கோளாறு என்றார் இன்னொருவர். மூளை ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. கல்லூரிக் காலத்தில் ஒற்றைத் தலைவலி இருந்தது, இப்போது இல்லை. இது என்ன நோயாக இருக்கும்?
– வாசகி, திருச்சி

பதில்: கடைசியாக நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் அந்தப் பழைய ஒற்றைத் தலைவலிதான் முக்கியமான தடயம். இளவயதில் தலைவலியாக வந்த நோய், நடுவயதில் வலி குறைந்து தலைசுற்றலாக உருமாறுவதுண்டு. இதை வெஸ்டிபுலர் மைக்ரேன் என்கிறோம். 2012-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறையின்படி, 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றல் குறைந்தது 5 முறையாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி இப்போதோ முன்போ இருந்திருக்க வேண்டும். பாதி முறையாவது தலைவலி, ஒளியும் ஒலியும் சேர்ந்து தரும் கூச்சம், கண்முன் மின்னும் கோடுகள் ஆகியவற்றில் ஒன்று உடன்வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் தலை வலித்தாக வேண்டும் என்பதில்லை.

இந்த நோயை உறுதி செய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது என்பதால், பிற காரணங்களை விலக்குவது அவசியம். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் பெரும்பாலும் உட்செவியில் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்வதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் பயிற்சியிலேயே அது சரியாகிவிடும். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருண்டால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கவனமாகப் பிரித்தறிய வேண்டியது, உட்செவியைப் பாதிக்கும் மெனியர் நோயை. அதில் வரும் சுற்றலும் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் என்றாலும், ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைவு ஆகியவை உடன் இருக்கும். எனவே செவித்திறன் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். கழுத்துத் தேய்மானம் நாற்பதைக் கடந்த பலருடைய எக்ஸ்ரேயிலும் தெரிவதுதான்; அதன்மீது பழியைப் போடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம், நடக்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றுடன் திடீரென வரும் சுற்றல் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சுற்றல் வந்த நேரம், நீடித்த அளவு, அதற்கு முந்தைய இரவின் தூக்கம், தவறிய உணவு, மாதவிடாய் நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளை வந்த நேரத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் விழுங்கினால், சமநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் மூளையின் முயற்சிக்கு அவை தடையாகும்.